கையெழுத்தும் வனப்பெழுத்தும்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு சனசமூக நிலையத்தின் முன்மண்டபத்தில் சனிக்கிழமைகளில் எழுத்து வகுப்பு நடத்துகிறோம். முதலாம் தரப் பிள்ளைகள் முதல் ஓய்வூதியக்காரர் வரை வருகிறார்கள். பாய், இரட்டை ரூல் கொப்பி, பென்சில், ஒரு கரும்பலகை ஆகியவற்றை வைத்தே வகுப்பு நடக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிவரும் அம்மாமாரும் அம்மம்மாமாரும் வாசலில் நின்று கேட்பவற்றையும், முழங்காவில், மல்லாவி, புதுக்குடியிருப்பு என்று தூர இடங்களிலிருந்து தொலைபேசியில் கேட்பவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன். சில கேள்விகளுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றை விரித்துத்தான் சொல்ல வேண்டும்.

எல்லாரும் தொலைபேசியில் தட்டி எழுதும் காலத்தில் கையெழுத்து எதற்கு?

முதலில் நடைமுறைக் காரணத்தைச் சொல்கிறேன். க.பொ.த. சாதாரண தரமும் உயர்தரமும் இன்றும் கையால் எழுதும் பரீட்சைகளே. மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுதக்கூடிய கை நம் பிள்ளைகளுக்கு வேண்டும்.

அடுத்த காரணம் நம் வீட்டுப் பெட்டிக்குள் இருக்கிறது. பழைய பிறப்புச் சான்றிதழும் திருமணப் பதிவும் காணிப் பத்திரமும் யாரோ ஒருவர் பேனையால் நிரப்பியவை. இங்கே குடியேற்றத் திட்டங்களில் கிடைத்த காணிகளில் பெரும்பகுதி 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பெர்மிட்டில் வழங்கப்பட்ட அரச காணி. பத்திரத்தை எழுதியவர் ரகரத்துக்குக் கீழே கால் இழுக்காமல் விட்டால் அது அரவாகிவிடும், அதாவது 'ா' குறியாகிவிடும். 'பரமேஸ்வரி' 'பாமேஸ்வரி' ஆகிவிடுவார். பிறகு பெயர் திருத்தச் சத்தியக்கடதாசி, கிராம அலுவலர் கடிதம், பிரதேச செயலகம் என்று அந்த அம்மா அலைய வேண்டும். தெளிவாக எழுதுவது அடுத்தவருக்குச் செய்யும் மரியாதை என்று நான் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது இதை மனத்தில் வைத்துத்தான்.

மூன்றாவதை வன்னிக்கு வெளியே இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கும். 2009இல் யுத்தத்தின் முடிவில் ஒரு பையோடு செட்டிகுளம் முகாம்களுக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள் இங்குள்ளவை. படம் இல்லை, கடிதம் இல்லை, கொப்பி இல்லை. எப்படியோ தப்பிய ஒரு பாடசாலைக் கொப்பியின் அட்டையில் மகன் எழுதிய தன் பெயர் மட்டும் சில வீடுகளில் இருக்கிறது. அந்த வீட்டுத் தாய் கையெழுத்தின் மதிப்பை என்னிடம் கேட்டறிய வேண்டியதில்லை.

கையால் எழுதினால் மூளைக்கு நல்லது என்கிறார்களே, உண்மையா?

உண்மை இருக்கிறது, ஆனால் அளவோடு சொல்ல வேண்டும். அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரின் ஜேம்ஸ் 2012இல் வெளியிட்ட ஆய்வில், இன்னும் வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகள் எழுத்துகளைக் கையால் எழுதியும், புள்ளிக்கோட்டின் மேல் வரைந்தும், விசைப்பலகையில் தட்டியும் பழகினார்கள். பிறகு அதே எழுத்துகளைக் காட்டி மூளையைப் படம் பிடித்தார்கள். வாசிப்புக்குரிய பகுதிகள், பிள்ளைகள் தாமாகக் கையால் எழுதிப் பழகிய எழுத்துகளுக்கே நன்றாகத் தூண்டப்பட்டன. பார்த்து வரைவதும் தட்டுவதும் அந்த அளவுக்கு வேலை செய்யவில்லை. புள்ளிக்கோட்டுப் பயிற்சிப் புத்தகத்தை மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டு அது போதும் என்றிருக்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். பிள்ளை கோணலாகவேனும் தானாக எழுத வேண்டும்.

நோர்வேயில் 2024இல் வெளியான ஆய்வொன்றில் 36 பல்கலைக்கழக மாணவர்கள் பங்குபற்றினார்கள். கையால் எழுதும்போது மூளையின் பல பகுதிகள் ஒன்றோடொன்று கூடுதலாக இணைந்து இயங்குவது பதிவானது. ஆனால் அவர்கள் விசைப்பலகையில் ஒரே விரலால்தான் தட்டினார்கள். பத்து விரலாலும் தட்டுபவரோடு ஒப்பிட்டதாக இதைச் சொல்லக் கூடாது. குறிப்பெடுப்பதில் கையெழுத்தே மேல் என்று 2014இல் வந்த புகழ்பெற்ற அமெரிக்க ஆய்வைப் பின்னர் வேறு ஆய்வாளர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது வேறுபாடு அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. ஆகவே சின்னப் பிள்ளை எழுத்தறியும் பருவத்தில் கை கட்டாயம் வேண்டும் என்பதை உறுதியாகச் சொல்லலாம். வளர்ந்தவர் தமக்கு எது வசதியோ அதைச் செய்யட்டும்.

ஏடு தொடக்கியாயிற்று. உடனே பென்சிலைக் கொடுக்கலாமா?

பொறுங்கள். விஜயதசமியிலோ தைப்பூசத்திலோ பெரியவர் ஒருவர் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுதவைப்பதில் நல்ல பயிற்சிமுறை ஒன்று அடங்கியிருக்கிறது. கருவி இல்லாமல் விரலே எழுதுகிறது. பிழைத்தால் தடவிவிட்டு மறுபடி எழுதலாம். அதை ஒரு நாள் சடங்கோடு நிறுத்தாமல் தொடருங்கள். முற்றத்து மணலில் விரலால் பெரிய பெரிய எழுத்துகள், பிறகு சுவரில் தண்ணீர்த் தூரிகையால், பிறகு கரும்பலகையில் சோக்கால், அதன்பின் தடித்த பென்சிலால் என்று வாருங்கள். தோளில் தொடங்கிய அசைவு முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இறங்கிக் கடைசியில்தான் விரலுக்கு வருகிறது. மூன்று வயதுப் பிள்ளையின் கையில் ஒற்றை ரூல் கொப்பியைத் திணித்தால் பென்சிலை இறுக்கிப் பிடிக்கும் பழக்கம் வந்துவிடும். அதை மாற்றப் பின்னர் படாத பாடு பட வேண்டியிருக்கும்.

அகர வரிசையில்தானே தொடங்க வேண்டும்?

வாயால் சொல்ல அகர வரிசை. கையால் எழுத வேறு வரிசை. 'அ'வும் 'இ'யும் தமிழில் எழுதக் கடினமான வடிவங்கள். 'இ' எழுதும்போது கை எத்தனை முறை திசை மாறுகிறது என்று நீங்களே எழுதிப் பாருங்கள்.

நாங்கள் 'ட'வில் தொடங்குகிறோம். மேலிருந்து கீழ், பிறகு இடமிருந்து வலம், இரண்டே கோடுகள். 'ட' வந்தால் 'ப' வந்துவிடும். 'ப' வந்தால் 'ம'வும் 'ய'வும் அதன் பக்கத்து வீடுகள். பிறகு சுழியில் தொடங்கும் 'வ', 'ன', 'ண'. அதன்பின் 'க', 'ச', 'த'. இம்மூன்றுக்கும் தலைக்கோடும் நிலைக்கோடும் பொது, அடியில்தான் பிரிகின்றன. 'ஞ', 'ஐ' எல்லாம் கடைசிக்கு.

உண்மையான மலை உகர வரிசை. அரவு (ா), விசிறி (ி), கொம்பு (ெ) ஆகியவற்றை ஒருமுறை பழகினால் எல்லா மெய்க்கும் ஏறக்குறைய அப்படியே போடலாம். உகரத்துக்கு அப்படி ஒரே குறி கிடையாது. அதை மூன்று கூட்டமாகப் பிரித்துக் கற்பித்தால் பிள்ளைக்குப் பயம் போய்விடும். கோடு கீழே இறங்கும் பு, சு, யு, வு ஒரு கூட்டம். அடியில் மடங்கி மேலே ஏறும் து, நு, ணு, லு, னு, று இன்னொன்று. சுற்றி வளையும் கு, டு, மு, ரு, ழு, ளு மூன்றாவது. ஒரு கூட்டத்தை ஒரு வாரம் எழுதட்டும். கலந்து கொடுக்காதீர்கள்.

'மு'வும் 'ழ'வும் நம் பிள்ளைகளின் கொப்பிகளில் அடிக்கடி ஒன்றாகிவிடும். 'பழம்' 'பமும்' ஆகும். 'ழ'வின் அடிச்சுழியை மூடாமல் விடுவதால் வருவது இது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டி, எங்கே பிரிகின்றன என்பதைப் பிள்ளையின் வாயாலேயே சொல்லவையுங்கள்.

எந்தக் கொப்பி, எந்தப் பென்சில்?

இரட்டை ரூல் கொப்பி, 2பி பென்சில். 2பி மெதுவானது, அழுத்தத் தேவையில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: 'ட', 'ப' இரண்டு கோட்டுக்குள் நிற்கும். விசிறி மேலே எழும். 'ழ', 'ற', 'ரு' கீழே இறங்கும். மேலும் கீழும் அவற்றுக்கு இடம் விட்டு, ஒரு வரி எழுதினால் ஒரு வரி விட்டு எழுதச் சொல்லுங்கள். எல்லா எழுத்தையும் ஒரே அகலத்துக்குள் அடைக்கச் சொல்லும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது வேண்டாம். 'ண' அகலமானது, 'ர' ஒடுக்கமானது. அப்படியே இருக்கட்டும்.

என் மகள் இடது கையால் எழுதுகிறாள். மாற்ற வேண்டுமா?

மாற்றக் கூடாது. சாப்பாட்டுக் கையைப் பற்றி உங்கள் வீட்டு வழக்கம் எப்படியும் இருக்கட்டும், எழுத்துக் கையை விட்டுவிடுங்கள். தமிழ் இடமிருந்து வலம் போவதால் இடது கை எழுதியதை மறைத்துக்கொண்டும் அழித்துக்கொண்டும் போகும். வலது கைப் பிள்ளை கொப்பியைச் சாய்க்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக, மேல்விளிம்பு வலப்புறம் சாயும்படி வைக்கச் சொல்லுங்கள். பென்சிலைக் கூர்முனையிலிருந்து சற்று மேலே பிடிக்கட்டும். விளக்கு வலப்பக்கம் இருக்கட்டும். வகுப்பில் வாங்கின் இடது ஓரத்தில் இருத்தும்படி ஆசிரியரிடம் கேளுங்கள், பக்கத்துப் பிள்ளையின் முழங்கையோடு மோதாது.

யுத்தத்தில் வலது கையை இழந்தேன். இந்த வயதில் இடது கையால் எழுதப் பழக முடியுமா?

முடியும். எங்கள் வகுப்புக்கு வருபவர்களைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

தொடக்கத்தில் தோற்கடிப்பது பெரும்பாலும் கை அல்ல, தாள். மற்றவர்கள் ஒரு கையால் எழுதும்போது மறுகையால் தாளைப் பிடித்துக்கொள்கிறார்கள். அந்தப் பிடி இல்லாதபோது ஒவ்வொரு கோட்டுக்கும் தாள் நகரும். தாள் நகர்ந்தால் கையை இறுக்குவீர்கள், இறுக்கினால் எழுத்து உடையும். ஆகவே முதலில் தாளை அசையாமல் நிறுத்துங்கள். கிளிப் போட்ட கனமான பலகை, அதன் அடியில் ஈரத்துணி அல்லது ரப்பர் விரிப்பு போதும். கொப்பியைவிடத் தனித்தாள் நல்லது.

பிறகு சின்னப் பிள்ளைக்குச் சொன்ன அதே ஒழுங்கு. மணலிலும் கரும்பலகையிலும் பெரிய வட்டம், பெரிய கோடு. உங்களுக்கு எழுத்து தெரியும், அசைவுதான் புதிது. பழைய கையெழுத்தைத் திரும்பக் கொண்டுவர முயலாதீர்கள். இடது கைக்கென்று ஒரு சாய்வும் ஒரு அளவும் தாமாக வரும். அதை ஏற்றுக்கொண்டவர்கள் விரைவாகத் தேறுகிறார்கள்.

புதிய கையொப்பம் நிலைத்ததும் வங்கிக்குப் போய் அடையாள அட்டையைக் காட்டி மாதிரிக் கையொப்பத்தை மாற்றிக்கொள்ளுங்கள். அதுவரை பழைய கையொப்பத்தைப் போலச் செய்து காட்ட முயன்று பணம் எடுக்கும் இடத்தில் சங்கடப்பட வேண்டாம்.

அம்மம்மா பெருவிரல் அடையாளம்தான் வைக்கிறார். கையொப்பம் இடப் பழக்கலாமா?

பழக்குங்கள். பெயரை மட்டும், தமிழிலேயே. ஆங்கிலத்தில் கிறுக்கினால்தான் கையொப்பம் என்று எந்தச் சட்டமும் இல்லை. கண் தெரியாவிட்டால் தாளில் ஒரு நூலை ஒட்டிக் கோடாக்குங்கள், விரல் அதைத் தொட்டுக்கொண்டு போகும். குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் பலர் உள்ள மாவட்டங்கள் இவை. படிவங்களுக்குக் குறைவில்லை. தம் பெயரைத் தாமே எழுதிக் கொடுக்கும்போது அவர்கள் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

பரீட்சையில் வேகமாக எழுதினால் எழுத்து கெடுகிறது. என்ன செய்வது?

வேகம் விரலை ஓட்டுவதால் வருவதில்லை. தேவையற்ற அசைவைக் குறைத்தால் வரும். உங்கள் விடைத்தாளின் ஒரு பக்கத்தை எடுத்து, எந்த எழுத்துகள் உடைகின்றன என்று வட்டமிடுங்கள். பெரும்பாலும் ஐந்தாறு எழுத்துகள்தாம் மொத்தப் பக்கத்தையும் கெடுத்துக்கொண்டிருக்கும். 'ர'வின் கால், மெய்யின் புள்ளி, 'ழ'வின் அடி, கொம்பின் சுழி ஆகியவற்றை முதலில் பாருங்கள். அந்த ஐந்தாறை மட்டும் நாளும் பத்து நிமிடம் திருத்துங்கள். எழுத்துருவம் முழுவதையும் மாற்றப் பரீட்சைக்கு முன் முயல வேண்டாம்.

சொற்களுக்கிடையே இடைவெளி விடுங்கள். சுமாரான கையெழுத்தும் இடைவெளி இருந்தால் வாசிக்கப்படும், அழகான கையெழுத்தும் அது இல்லாவிட்டால் வாசிக்க முடியாது. ஒரு மணி நேரத்தில் கை வலித்தால் பேனையை இறுக்கிப் பிடிக்கிறீர்கள் என்று பொருள். தாளின் மறுபக்கத்தைத் தடவிப் பாருங்கள். எழுத்து புடைத்திருந்தால் அழுத்தம் அதிகம்.

தமிழ் எழுத்து ஏன் இவ்வளவு வளைவாக இருக்கிறது?

எப்போதும் அப்படி இருக்கவில்லை. வவுனியா மாவட்டத்துப் பெரிய புளியங்குளத்தில், கிறிஸ்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சேர்ந்த பிராமிக் கல்வெட்டுகள் குகைகளில் இருக்கின்றன. மொழி பிராகிருதம், ஆனால் அவற்றில் விசாகன் என்னும் தமிழ் வணிகன் ஒருவன் குறிக்கப்படுகிறான். பிராமியில் 'க' என்பது கூட்டல் குறிபோல வெறும் இரண்டு கோடு. உளியால் கல்லில் வெட்டுபவனுக்கு நேர்கோடு வசதி. வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்தக் 'க'வைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது, நம் 'க'வின் நடுவில் அந்தக் கூட்டல் குறி இன்னும் இருக்கிறது என்று ஒரு பிள்ளை கண்டுபிடித்தது.

எழுத்து கல்லிலிருந்து ஓலைக்கு வந்ததும் நிலைமை மாறியது. ஓலைக்கு நெடுக நரம்பு ஓடுகிறது. நரம்பின் போக்கில் எழுத்தாணியால் அழுத்திக் கோடு இழுத்தால் ஓலை கிழியும். அதனால் கோடுகள் வளைந்தன என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். மெய்க்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியம் சொல்கிறது. ஆனால் ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் ஏட்டில் வேறுபாடு தெரியாது. ரகரமும் அரவும் ஒரே வடிவம். நாவலரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் 19ஆம் நூற்றாண்டில் ஏடுகளைப் பார்த்து நூல்களைப் பதிப்பித்தபோது எவ்வளவு பாடுபட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். 'கெ', 'கே' வேறுபாட்டுக்கு நாம் இன்று போடும் சுழிக்கொம்பு, 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தத்தால் வந்தது. அந்தச் சுழியை அவசரத்தில் விட்டுவிடும் மாணவர்களுக்கு இந்தக் கதையை நான் தவறாமல் சொல்கிறேன். எத்தனையோ நூற்றாண்டுக் குழப்பத்தைத் தீர்த்த சின்னச் சுழி அது.

தாத்தாவின் கடிதத்தில் 'லை', 'னை', 'றா' எல்லாம் வேறு மாதிரி இருக்கின்றன. பிழையா?

பிழையில்லை. பழைய வடிவம். 1978இல் தமிழ்நாட்டு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தில் ஒரு பகுதியை ஏற்று, ணா, றா, னா, லை, னை முதலிய 13 எழுத்துகளை இன்றைய வடிவத்துக்கு மாற்றியது. அது பின்னர் இங்கும் வழக்கமாயிற்று. அதற்கு முன் எழுதப் பழகிய கைகள் பழைய வடிவத்தையே எழுதுகின்றன. உங்கள் பிள்ளைக்கு அவற்றை வாசிக்கவாவது கற்றுக்கொடுங்கள். இல்லாவிட்டால் சொந்தத் தாத்தாவின் கடிதத்தையே வாசிக்க முடியாமற்போகும்.

வனப்பெழுத்து என்பது அழகான கையெழுத்துத்தானா? தமிழுக்குப் பொருந்துமா?

இரண்டும் வேறு. கையெழுத்து செய்தியைக் கொண்டுபோவதற்கு. வனப்பெழுத்தில் எழுத்தின் வடிவமே பார்க்கப்படும் பொருள். மெதுவாக, ஒவ்வொரு கோடாக எழுதுவது அது. நல்ல கையெழுத்து இல்லாதவர்கூட வனப்பெழுத்தில் சிறக்கலாம்.

தமிழுக்குப் பொருந்துமா என்பது நல்ல கேள்வி. இணையத்தில் தேடினால் பெரும்பாலும் ஆங்கில எழுத்துக்கான பாடங்களே வரும். தட்டை முனைப் பேனையை ஒரே கோணத்தில் பிடித்து எழுதினால் சில கோடுகள் தடிப்பாகவும் சில மெலிதாகவும் விழும். அந்த ஐரோப்பிய முறையை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் எட்வர்ட் ஜோன்ஸ்டன் மீட்டெடுத்தார். அந்தத் தடிப்பும் மெலிவும் பேனையிலிருந்து பிறந்தவை. நம் எழுத்து வளர்ந்தது எழுத்தாணியில். எழுத்தாணிக் கோட்டுக்குத் தடிப்பு மெலிவு கிடையாது, எல்லா இடத்திலும் ஒரே நூல்தான். ஆகவே தமிழெழுத்தின் அழகு வளைவின் ஓட்டத்திலும், சுழிக்குள்ளே இருக்கும் வெற்றிடத்திலும், எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையிலான இடத்திலும் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். ஆங்கில எழுத்தின் வாலையும் கொடியையும் தமிழெழுத்தில் ஒட்டும் வேலை எனக்கு உவப்பில்லை. 'த'வுக்கு வால் நீட்டினால் அது வேறெதையோ போல ஆகிவிடுகிறது.

தட்டை முனையில் தமிழ் எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. எழுதுங்கள். முனையைக் கிடைக்கோட்டுக்கு ஏறக்குறைய 30 பாகை சாய்த்துப் பிடித்தால் 'ப'வின் நிலைக்கோடுகள் தடிப்பாகவும் அடிக்கோடு மெலிதாகவும் வரும். 45 பாகையில் இரண்டும் ஒரே தடிப்பாகிவிடும். எழுத்தின் உயரத்தைத் தீர்மானிக்கும்போது 'ண'வை எழுதிப் பாருங்கள். அதன் சுழிகள் மையால் மூடிப்போனால் உயரம் போதாது, அல்லது முனை அகலம். பேனை முனையின் அகலத்தைப் போல ஐந்து மடங்கு உயரம் ஆங்கிலத்துக்குப் போதும். தமிழுக்கு ஆறு, ஏழு மடங்கு வேண்டியிருக்கும்.

அளவு என்ற பேச்சில் அரபு எழுத்துக் கலையைச் சொல்லாமல் விட முடியாது. பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த இப்னு முக்லா, நாணற் பேனை இடும் ஒரு புள்ளியையே அளவுகோலாக்கி ஒவ்வோர் எழுத்தின் விகிதத்தையும் வகுத்தார். அந்தக் கலையை யுனெஸ்கோ 2021இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. முல்லைத்தீவிலும் மன்னாரிலும் உள்ள முஸ்லிம் ஊர்களில் பிள்ளைகள் மத்ரஸாவில் அரபு எழுதப் பழகுகிறார்கள். தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ் மரபும் நம்முடையதே. இரண்டு எழுத்தும் பழகிய பிள்ளைகள் எங்கள் வகுப்புக்கு வரும்போது கோட்டின் அளவில் அவர்களுக்கு இருக்கும் கவனத்தைக் கண்டு மகிழ்கிறேன்.

அதற்கான பேனை இங்கே கிடைக்காதே?

இரண்டு பென்சில்களை ரப்பர் பட்டியால் சேர்த்துக் கட்டுங்கள். இரு முனையும் தாளில் படும்படி பிடித்து எழுதினால் இரட்டைக் கோடு விழும். கோணம் மாறாமல் பிடிக்கப் பழக இதைவிட நல்ல கருவி இல்லை, செலவும் இல்லை. அடுத்த படியாக, காய்ந்த மூங்கில் துண்டு ஒன்றை எடுத்து முனையைச் சரிவாகச் சீவித் தட்டையாக வெட்டி, நடுவில் மெல்லிய பிளவு இடுங்கள். மை அந்தப் பிளவில் நின்று இறங்கும். கத்தி வேலையைப் பெரியவர்கள் செய்து கொடுக்க வேண்டும்.

பனை ஓலையில் எழுதிப் பார்க்க ஆசை. முடியுமா?

பூநகரியில் இருந்துகொண்டு இதைக் கேட்டால் நான் என்ன சொல்வது? பதுங்குகுழிகளுக்கு எத்தனையோ பனைகள் தறிக்கப்பட்ட பிறகும் ஓலைக்கு இங்கே குறைவில்லை. இளங்குருத்தும் வேண்டாம், காவோலையும் வேண்டாம், இடைப்பட்ட ஓலையை எடுத்து ஈர்க்கை நீக்குங்கள். நிழலில் உலர்த்தி, தண்ணீரில் அவித்து, மறுபடி உலர்த்தி, வழுவழுப்பான கல்லால் அல்லது சங்கால் தேய்த்து ஒரே அளவாக நறுக்குங்கள். கூராக்கிய இரும்பு ஊசியை மரப்பிடியில் பொருத்தினால் எழுத்தாணி ஆயிற்று. இடது கையில் ஓலை, வலது கையில் எழுத்தாணி. இங்கே பழக்கத்தை மாற்ற வேண்டும்: எழுத்தாணி அதிகம் நகராது, இடது கைப் பெருவிரல் ஓலையைத் தள்ளித் தள்ளிக் கொடுக்கும். எழுதி முடித்ததும் எழுத்து கண்ணுக்குத் தெரியாது. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துப் பூசித் துடைத்தால் கீறல்களில் மட்டும் கரி தங்கி எழுத்து எழுந்து வரும். பிள்ளைகள் ஆரவாரிக்கும் நேரம் அது.

பனையோலை தடிப்பானது, விரைவில் முறியும். சிங்கள ஏடுகளுக்குப் பயன்பட்ட தாளிப்பனை ஓலை அகலமும் மென்மையும் உடையது. பழகுவதற்கு நம் பனையே போதும்.

சிங்களமும் ஆங்கிலமும் எழுதப் பழகினால் தமிழ் எழுத்து கெடுமா?

கெடாது. சிங்கள எழுத்தின் வட்டங்கள் தமிழ்ச் சுழிகளுக்கு நல்ல பயிற்சி.

பெயர்ப்பலகை எழுதும் தொழிலுக்கு மகனை அனுப்பலாமா?

அதை மட்டும் நம்பி வேண்டாம். கடைப் பலகைகளை அச்சிட்ட பிளெக்ஸ் பிடித்துக்கொண்டது. ஆனால் பாடசாலைச் சுவர், கோயில் மதில், லொறி, உழவு இயந்திரப் பெட்டி ஆகியவற்றில் இன்னும் தூரிகைதான் எழுதுகிறது. சோளகக் காற்றில் பிளெக்ஸ் கிழிந்து தொங்க, எனாமலில் எழுதிய பலகை பல ஆண்டுகள் நிற்பதை ஏ9 வீதியில் போகும் எவரும் பார்க்கலாம். தூரிகைக்காரர்களிடமிருந்து எங்கள் பிள்ளைகள் கற்றது ஒன்று: எழுத்துகளுக்கிடையே சமமான இடைவெளியை அடிமட்டத்தால் அளந்து பெற முடியாது. 'ட'வுக்குப் பின்னால் 'ப' வந்தால் ஒரு தூரம், 'வ'வுக்குப் பின்னால் 'ர' வந்தால் இன்னொரு தூரம். கண்தான் அளக்க வேண்டும். வேறு தொழிலோடு சேர்த்து இதையும் பழகட்டும்.

வீட்டில் பழைய கடிதங்களும் காணி உறுதிகளும் இருக்கின்றன. லமினேட் செய்து வைக்கலாமா?

செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது, தாள் உள்ளேயே பழுதாகும். ஒட்டுநாடாவும் வேண்டாம். காலப்போக்கில் அதன் பசை மஞ்சளாகித் தாளைத் தின்னும்.

முதலில் நிழலான பகல் வெளிச்சத்தில் இரு பக்கமும் படம் எடுத்து, உறவினர் ஒருவருக்கும் அனுப்பிவையுங்கள். நம் ஊரில் ஒரே வீட்டில் மட்டும் ஒன்றை வைத்திருப்பது எவ்வளவு ஆபத்து என்பதை நாம் பட்டறிந்திருக்கிறோம். பிறகு மடிப்பை விரித்து, வெள்ளைத்தாள் உறையில் தட்டையாக இட்டு, தகரப் பெட்டியில் நிலத்தில் படாமல் உயரத்தில் வையுங்கள். கறையானும் மழைக்கால ஈரமும் முதல் எதிரிகள். ஏட்டுச் சுவடியானால் மென்மையான தூரிகையால் தூசியை மட்டும் நீக்குங்கள். சுவடிகளுக்கு எலுமிச்சம்புல் எண்ணெய் பூசும் வழக்கம் உண்டு, ஆனால் தெரிந்தவர் கையால் செய்ய வேண்டியது அது. 2005 முதல் இயங்கும் நூலகம் என்ற இணைய நூலகம் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை மின்பதிப்பாக்குகிறது. ஊர் வரலாற்றுக்குப் பயன்படும் கையெழுத்துப் படிகள் இருந்தால் அவர்களிடம் பேசலாம்.

ஏற்கெனவே லமினேட் செய்துவிட்ட பெர்மிட்டை உரிக்க முயல வேண்டாம், எழுத்தும் சேர்ந்து வந்துவிடும். அப்படியே வெயில் படாத இடத்தில் வைத்து, இன்றைக்கே இரு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள்.